கணவரைக் கெட்டவராக்காத ஒரு காதல்

கல்யாணமான இரண்டு பேர். நண்பர்கள். எழுதி எழுதியே காதலில் விழுகிறார்கள். இந்தக் கருவில் வருகிற நாவல்களைத் தேடிப் படிக்கிற ஆள் நான். ஆனால் பாதிக்கு மேல் மனசு ஒட்டுவதில்லை. முதல் அத்தியாயத்திலேயே கணவனைக் குடிகாரனாகவோ கல்நெஞ்சனாகவோ ஆக்கிவிடுகிறார்கள். வாசகர் உறுத்தலில்லாமல் காதலை ஏற்றுக்கொள்ள அது வசதி. கதையின் உயிர் அங்கேயே போய்விடுகிறது. அப்புறம், எழுத்தால் வந்த காதல் என்கிறார்களே, ஒருவர் எழுதியதை மற்றவர் எப்படிப் படித்தார் என்று ஒரு பக்கம்கூட இருக்காது.

இப்படி ஏமாறும்போதெல்லாம் எனக்கு ஆங்கில எழுத்தாளர்கள் விர்ஜினியா வுல்ஃபும் வீட்டா சாக்வில்-வெஸ்ட்டும்தான் நினைவுக்கு வருவார்கள். 1922 டிசம்பரில் ஒரு விருந்தில் சந்தித்தபோது விர்ஜினியாவுக்குத் திருமணமாகிப் பத்தாண்டும் வீட்டாவுக்கு ஒன்பதாண்டும் ஆகியிருந்தன. விர்ஜினியாவும் கணவர் லியோனார்டும் ஹோகார்த் பதிப்பகம் நடத்தினார்கள். வீட்டாவின் கணவர் ஹரால்டு நிக்கல்சன் பிரிட்டிஷ் தூதரக அதிகாரி.

1924இல் விர்ஜினியா தன் பதிப்பகத்துக்கு ஒரு கதை கேட்டார். கணவரோடு இத்தாலிய மலைகளில் நடைப்பயணம் போன வீட்டா, அங்கேயே உட்கார்ந்து எழுதி, அதை விர்ஜினியாவுக்கே சமர்ப்பணம் செய்தார். இதே ஆண்டு விர்ஜினியா இன்னொரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், வீட்டா பித்தளைப் பேனாவால் எழுதுகிறவர் என்கிறார். திறமை இருக்கிறது, அவ்வளவுதான் என்று அர்த்தம். எழுத்து சுமார் என்று தெரிந்தும் எழுதியவரை விட முடியவில்லை. எந்தக் காதல் நாவலில் இதைத் தொடுகிறார்கள்?

1926 ஜனவரியில் வீட்டா, ஹரால்டு பணியாற்றிய தெஹ்ரானுக்குக் கிளம்பினார். வழியில் மிலானில் எழுதிய கடிதத்தைப் படித்துப் பாருங்கள். இரவெல்லாம் தூக்கம் வராமல் அழகான கடிதம் ஒன்றை மனசுக்குள் எழுதியதாகவும், விடிந்ததும் அது மறந்துபோனதாகவும், நீ இல்லாதது தவிப்பாக இருக்கிறது என்பது மட்டும்தான் மிச்சம் என்றும் சொல்கிறார். இவ்வளவு சாதாரணமான வாக்கியத்தை நீ எழுதவே மாட்டாய் என்று விர்ஜினியாவைச் சீண்டவும் செய்கிறார். பித்தளைப் பேனா என்று சொன்னவரை வெறும் நாலு வரியில் வீட்டா தோற்கடித்த இடம் இது என்பேன்.

1927இல் வீட்டாவின் மனம் வேறொரு பெண்ணிடம் போயிருந்தது. விர்ஜினியாவுக்கு அது தெரியும். அக்டோபரில் அவர் எழுதியது சண்டைக் கடிதம் இல்லை. உன்னை வைத்து ஒரு நாவல் எழுதட்டுமா என்று அனுமதி கேட்கிற கடிதம். வீட்டா சிலிர்த்துப்போய்ச் சம்மதித்தார். நாவல் உருவாகிக்கொண்டிருந்தபோதே, 1928 ஜனவரியில், வீட்டாவின் அப்பா இறந்தார். கென்ட்டில் இருக்கும் நோல் மாளிகை வீட்டா பிறந்து வளர்ந்த வீடு. பெண் என்பதால் அது அவருக்கு வராமல் சித்தப்பாவுக்குப் போனது. அக்டோபர் 11 அன்று வெளியான அந்த நாவல் ‘ஆர்லாண்டோ’வில், நாயகன் பெண்ணாக மாறிய பிறகும் வீடு கைவிட்டுப் போவதில்லை. பிறந்த வீட்டை இழந்தவருக்கு அதைவிடப் பெரிதாக என்ன கொடுத்துவிட முடியும்? அந்தக் கையெழுத்துப் பிரதியையும் விர்ஜினியா வீட்டாவுக்கே கொடுத்தார். இன்று அது நோலில்தான் இருக்கிறது.

சரி, கணவர்கள்? ‘ஆர்லாண்டோ’வைப் படித்த லியோனார்டு, விர்ஜினியா எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே அதை மதித்தார். மனைவியின் முந்தைய நாவலைவிடச் சில விதங்களில் இது மேல் என்றார். புத்தகம் வந்ததும் அவர்களுடைய பதிப்பகத்திலிருந்துதான். ஹரால்டின் கவலையெல்லாம் விர்ஜினியாவின் மனநலம் இதனால் பாதிக்கப்பட்டுவிடக் கூடாதே என்பது. கொதித்துப்போனவர் வீட்டாவின் அம்மா. தன் பிரதியில் விர்ஜினியாவின் படத்தை ஒட்டி, அதன் பக்கத்தில் பைத்தியக்காரி என்று எழுதிவைத்தார்.

இவர்களுக்குப் பணம் இருந்தது, வேலைக்கு ஆள் இருந்தது, தனி அறை இருந்தது. எல்லாருக்கும் இது வாய்க்காது, ஒத்துக்கொள்கிறேன். அதற்காகக் கணவனை அரக்கனாக்கினால்தான் கதை நகரும் என்பதை ஏற்க முடியாது. நல்ல மனிதர் ஒருவர் பக்கத்து அறையில் இருக்கும்போது இன்னொருவருக்குக் கடிதம் எழுதுகிற கை எப்படி நடுங்கும்? அதை எழுதுங்கள்.

வீட்டா விர்ஜினியாவுக்கு எழுதிய கடிதங்கள் 1984இல் தொகுப்பாக வந்திருக்கின்றன. ‘ஆர்லாண்டோ’ புரியவில்லை என்று பாதியில் மூடிவைத்தவர்கள், 1926ஆம் ஆண்டுக் கடிதங்களை முதலில் படித்துவிட்டு மறுபடியும் அதை எடுத்துப் பாருங்கள்.