ராஜா வாரிசும் குரூப் போட்டோவும்

தம்பி: அக்கா, நேத்து நைட்டு கிங் ரால்ஃப்னு ஒரு படம் பார்த்தேன், 1991ல வந்தது, ஜான் குட்மேன்தான் ஹீரோ, லாஸ் வேகாஸ்ல பியானோ தட்டிக்கிட்டு பாட்டு பாடி பொழைக்கிற ஆளு, அவன்கிட்ட வந்து நீங்கதான் சார் இங்கிலாந்து ராஜாங்கறாங்க!

அக்கா: ஏன், அங்க ஆளே இல்லையாமா?

தம்பி: இருந்தாங்க. குடும்பமே குரூப் போட்டோவுக்கு வரிசையா நிக்குது, மழை, எல்லா இடமும் ஈரம், கரண்ட் பாய்ஞ்சு டமால். ஒரே ஷாக்ல மொத்த வம்சமும் காலி.

அக்கா: அடப்பாவி, பல்லைக் காட்டிக்கிட்டு சொல்ற.

தம்பி: காமெடி படம்க்கா! அப்புறம் தோண்டித் துருவிப் பார்த்தா இவனோட பாட்டி ஹோட்டல்ல வேலை பார்த்தப்போ ஒரு பிரபுவோட பழக்கமாம், அந்த வழில இவன் வாரிசு.

அக்கா: கல்யாணம் ஆச்சா?

தம்பி: அவனுக்கா?

அக்கா: பாட்டிக்குடா! கல்யாணம் ஆகாம பொறந்த வழிக்கு அந்த ஊர் சட்டத்துல கிரீடமே கெடையாது. உன் ஹீரோ வாசல்லயே அவுட்.

தம்பி: இப்படி பார்த்தா எந்தப் படத்தையும் பார்க்க முடியாது. பீட்டர் ஓ'டூல்தான் செகரட்டரி, இவனுக்கு ராஜ நடை சொல்லிக்குடுக்கறப்போ அந்த மூஞ்சி இருக்கே, பல்வலியோட கல்யாண வீட்ல நின்னு வாங்க வாங்கங்கற மாதிரி! கடைசில போதும்டா சாமின்னு கிரீடத்தை அவர்கிட்டயே குடுத்துட்டு ஹீரோ பாடப் போயிடறான்.

அக்கா: நிஜத்துல நடந்தது இதைவிட கூத்துடா. 1701ல ஒரு சட்டம் போட்டாங்க, கத்தோலிக்கர் ராஜாவாகக் கூடாது, ஆன் ராணிக்கு வாரிசு இல்லைன்னா ஜெர்மனில இருக்கற புராட்டஸ்டன்ட் சொந்தக்காரம்மா சோஃபியாவுக்குத்தான் சிம்மாசனம்னு. அந்தம்மா காத்திருந்து காத்திருந்து 83 வயசுல, 1714 ஜூன்ல போய்ச் சேர்ந்துட்டாங்க. ராணி போனது ஆகஸ்ட் 1.

தம்பி: ஐயோ, ரெண்டு மாசத்துல போச்சா!

அக்கா: மகன் ஜார்ஜுக்கு அடிச்சது யோகம். அவரைவிட நெருங்கின சொந்தம் 50 பேருக்கு மேல உயிரோட இருந்தாங்க, எல்லாரும் கத்தோலிக்கர்னு ஓரங்கட்டிட்டாங்க. வந்தவருக்கு இங்கிலீஷும் தடுமாற்றம்.

தம்பி: ஒருத்தருக்கும் ஷாக் அடிக்காம 50 பேரைத் தாண்டினாரா? அப்போ படத்துல கரண்டு வேஸ்ட்.

அக்கா: சரி எந்திரி, அம்மா கூப்பிடறாங்க, அப்பா பர்த்டேக்கு குரூப் போட்டோ.

தம்பி: நீங்கல்லாம் நில்லுங்க, நான் எடுக்கறேன்.

அக்கா: நேத்து வரைக்கும் நடுவுல நிக்க சண்டை போட்டவன் நீ! புத்தி எங்க போகுதுன்னு தெரியுதுடா. நாங்க எல்லாரும் போயிட்டா உனக்கு மிஞ்சறது அப்பா வாங்கின ஹவுசிங் லோன் மட்டும்தான்.

தம்பி: ...எத்தனை வருஷம் பாக்கி?

அக்கா: பதினொண்ணு.

தம்பி: தள்ளு தள்ளு, நானும் நிக்கறேன்.