ஏரி தெளிவாக இருக்கிறது, சரி. அடியில் கிடக்கிற சேறு?

ஞாயிற்றுக்கிழமை ஒருவர் ஒன்ராறியோ ஏரியில் பிடித்த சால்மன் மீனின் படத்தைப் போட்டிருந்தார். அதில் பிசிபி, அதாவது முன்பு மின்மாற்றிகளில் பயன்படுத்திய நச்சு இரசாயனம், இருக்கும், கவனமாகச் சமையுங்கள் என்று நான் கீழே எழுத, வாக்குவாதம் தொடங்கியது. "பிசிபியைத் தடை செய்து எவ்வளவு காலம், ஒன்ராறியோ ஏரி எப்பவோ கழுவுப்பட்டிட்டுது" என்று ஒரு அண்ணை எழுத, அதற்கு அத்தனை விருப்பக்குறி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கனடாவில் தடை 1977இல் வந்தது, உண்மை. ஆனால் பிசிபிக்குத் தண்ணீர் பிடிக்காது, கொழுப்புத்தான் பிடிக்கும். பாசியிலும் மண் துகளிலும் ஒட்டிக்கொண்டு அடியில் போய்ப் படியும். இந்த ஏரியின் தண்ணீர் மாற ஏறக்குறைய ஆறு வருசம் போதும். தண்ணீர் போகும், சேறு போகாது. புயலடித்தால் சேறு கலங்கும். அதிலுள்ள புழுவையும் சின்ன இறாலையும் சிறு மீன் தின்னும், சிறு மீனைச் சால்மன் தின்னும். ஒவ்வொரு வாயிலும் நஞ்சு கூடிக்கொண்டே போகும்.

காற்றிலும் வரும். சுப்பீரியர் ஏரியின் ரோயல் தீவுக்குள் சிஸ்கிவிட் என்றொரு ஏரி. பக்கத்தில் ஆலை கிடையாது. அங்கே பிடித்த மீனிலும் பிசிபி இருந்தது. அமெரிக்காவின் தெற்கே பருத்திக்கு அடித்த டொக்சாபீன் என்ற பூச்சிமருந்தும் இருந்தது.

என் தங்கை ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தபோது, ஆற்றுவாயில் பிடித்த பெரிய சால்மனை நான்தான் ஆய்ந்து கறி வைத்தேன். வயிற்றுப் பக்கக் கொழுப்பை எறியவில்லை, அதில்தான் ருசி என்று. குழம்பின் மேல் மஞ்சளாக எண்ணெய் மிதந்தது. ஆசையாகச் சோற்றில் விட்டுச் சாப்பிட்டாள். பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனாலும் அந்தச் சட்டியை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

"இப்ப குறைஞ்சிட்டுதே" என்பீர்கள். ஓம், 1970களோடு பார்த்தால் நன்றாகவே குறைந்திருக்கிறது. குறைந்தது வேறு, போய்விட்டது வேறு.

"நீ என்ன விஞ்ஞானியா?" இல்லை. எந்த இடத்து மீன், எவ்வளவு நீளம், மாதம் எத்தனை தரம் என்று ஒன்ராறியோ அரசே கையேடு போட்டிருக்கிறது. பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கும் 15 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கும் தனிக் கணக்கு. அதை வாசிக்கப் பட்டம் தேவையில்லை.

"எங்கட சந்தோசத்தைக் கெடுக்கிறாய்" என்றதுதான் மனதைத் தைத்தது. நான் கடற்கரையில் பிறந்த அப்பாவின் பிள்ளை. மீனே சாப்பிடாதே என்று எங்கேயாவது எழுதினேனா? தோலை உரியுங்கள், கொழுப்பை வெட்டி எறியுங்கள், குழம்பாக வைக்காமல் கொழுப்பு வடிய வாட்டுங்கள் என்றேன். அவ்வளவுதான்.

அந்தப் பதிவில் ஒரு பிள்ளை, "அக்கா, நான் மாசமா இருக்கிறன், சாப்பிடலாமா?" என்று கேட்டிருந்தாள். கீழே வரிசையாக, "பயப்படாமச் சாப்பிடும்மா." தங்கச்சி, இதை நீ பார்த்தால் உள்பெட்டிக்கு வா. கையேட்டை அனுப்புகிறேன், இருவருமாகப் பார்ப்போம்.