ட்ரிகர் ஷூ விசையின் பாரத்தைக் குறைக்காது

தம்பி, வேட்டை ரைபிளில் சுடும்போது விரலால் இழுக்கும் விசையின் மேல் ட்ரிகர் ஷூ என்ற துண்டை மாட்டினால் விசையின் பாரம், அதாவது அதை இழுக்கத் தேவையான பலம், பாதியாகிவிடும், கச்சான் தோட்டக் காவலுக்கு நல்லது என்று எழுதியிருக்கிறீர்கள். அது பிழை. பாரத்தை முடிவு செய்வது உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும், சுடும் ஊசியைப் பிடித்து வைத்திருக்கும் கொளுவியும்தான். ஷூ வெறும் அகலமான உலோகத் துண்டு. அழுத்தம் விரலில் பரவுவதால் இலேசாகத் தெரியும். விசையில் தராசை மாட்டி இழுத்தால் அதே பாரம்தான் காட்டும்.

எனக்குப் பயம் வேறு இடத்தில். அதைப் பிடித்து வைத்திருப்பது சின்னத் திருகாணிகள். அவை இளகினால் ஷூ சறுக்கி, விசையைச் சுற்றியுள்ள வளையத்தில் சிக்கிக்கொள்ளும். வளையத்தைவிட ஷூ அகலம் என்றால் இன்னும் மோசம்: குண்டேற்றிய துவக்கோடு சூரைப் பற்றைக்குள் நுழையும்போது ஒரு கொப்பு இழுத்தாலே வெடிக்கலாம். இருட்டில் பன்றி விரட்டும்போது முன்னால் போவது நம் மச்சானாகத்தான் இருக்கும். தயவுசெய்து அந்த வரியைத் திருத்திவிடுங்கள்.