லைட்ட அணைச்சா ரிப்பேர் ஆயிடுமா?

செக் இன்ஜின் லைட் எரியுதுன்னு வாரண்டில இருக்கிற வண்டிய காலையில சர்வீஸ் சென்டர்ல விட்டா, சாயங்காலமே போன் வரும். "பாத்துட்டோம் சார், ஒரு பிரச்சினையும் இல்ல, வந்து எடுத்துக்கங்க." லைட்டும் அணைஞ்சிருக்கும். என்ன பண்ணீங்கன்னு கேட்டா "சிஸ்டத்த ரீசெட் பண்ணிட்டோம்." நாலாம் நாள் அதே மஞ்ச லைட், அதே இடத்துல.

ரீசெட்டாம்! ஸ்கேனர மாட்டி, என்ன கோளாறுன்னு வண்டி பதிஞ்சு வெச்ச கோட (பி0171 மாதிரி ஒரு நம்பர்) அழிச்சிருக்காங்க, அவ்வளவுதான். காய்ச்சல்னு போனவனுக்குத் தெர்மாமீட்டர உதறிக் காட்டி "பாருங்க, இறங்கிடுச்சு"ன்னு அனுப்புற வைத்தியம் இது.

அழிச்சதுல போனது கோடு மட்டும்னா பரவாயில்ல. கூடவே ஃப்ரீஸ் ஃபிரேமும் போச்சு. கோடு பதிவான அந்த நேரத்துல இன்ஜின் எத்தன ஆர்பிஎம், கூலன்ட் சூடு எவ்வளவு, வண்டி என்ன வேகம், இன்ஜின் மேல லோடு எவ்வளவு, ஃப்யூவல் ட்ரிம் (கலவைய சரிக்கட்டப் பெட்ரோல எத்தன சதவீதம் கூட்டுது, குறைக்குது) எவ்வளவுன்னு இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசியூ எடுத்து வெச்ச படம் அது. எப்பவாவது தலைகாட்டிட்டுப் போற கோளாறுக்கு இருக்கிற ஒரே சாட்சி. அதையும் தொடச்சிட்டு "எங்ககிட்ட இருக்கும்போது வரலையே சார்"னு கேக்கறதுக்கு என்ன தைரியம் வேணும்!

வராதுதான். ஏன்னா பல கோளாறுகளுக்கு முதல் ஓட்டத்துல தப்பு தெரிஞ்சா அது பென்டிங் கோடு மட்டும்தான். அடுத்த ஓட்டத்துலயும் தெரிஞ்சாத்தான் லைட். கோட அழிச்சா, வண்டி தன்னத்தானே சோதிச்சுக்கிற ரெடினெஸ் மானிட்டர்களும் பூஜ்யத்துலருந்து ஆரம்பிக்கும். பெட்ரோல் ஆவி கசியுதான்னு பாக்குற எவாப் சோதனைக்குப் பொதுவா டேங்க் 15லருந்து 85 சதவீதத்துக்குள்ள இருக்கணும், இன்ஜின் மணிக்கணக்கா நின்னு ஆறியிருக்கணும். சர்வீஸ் சென்டர சுத்தி ஒரு ரவுண்டு அடிச்சா இது எதுவும் ஓடாது. அந்த ரவுண்டுக்குப் பேரு டெஸ்ட் டிரைவ்!

இதுக்கு நேர் எதிர்க் கூத்தும் உண்டு. கோடு என்ன சொல்லுதோ அந்தப் பார்ட்ட மாத்துறது. பி0171 வந்தா உடனே ஆக்ஸிஜன் சென்சர். ஐயா, அந்த சென்சர் "கலவைல பெட்ரோல் கம்மியா இருக்கு"ன்னு ஒழுங்கா புகார் குடுத்திருக்கு. புகார் குடுத்தவனையே வேலைய விட்டுத் தூக்குவீங்களா? ஃப்யூவல் ட்ரிம்ம பாருங்க. கூட்டல் கழித்தல் 10 சதவீதத்துக்குள்ள இருந்தா பெரும்பாலும் கவலையில்ல. ஐடில்ல 20க்கு மேல ஏறி, 2500 ஆர்பிஎம் வெச்சதும் இறங்கினா, இன்ஜினுக்குக் காத்து போற இன்டேக்ல எங்கயோ ஓட்டை வழியா காத்து இழுக்குது: கிழிஞ்ச வேக்கம் ஹோஸ், சரியா உக்காராத கேஸ்கெட். லோடு குடுக்கக் குடுக்க ஏறினா ஃப்யூவல் பிரஷரையும், காத்த அளக்குற மாஸ் ஏர்ஃப்ளோ சென்சரையும் சந்தேகப்படணும். ஸ்மோக் டெஸ்ட் போட்டா லீக் இருக்கிற இடத்துல புகை தானா வெளிய வரும். இதுல எதுவும் ராக்கெட் விடுற வேலை இல்ல.

மிஸ்ஃபயர், அதாவது ஒரு சிலிண்டர்ல பெட்ரோல் சரியா எரியாதது, இன்னும் சுலபம். பி0302 இருந்தா 2வது சிலிண்டர்ல பிளக்குக்கு மின்சாரம் குடுக்கிற காயில கழட்டி 3வதுல போடச் சொல்லுங்க. கோடு பி0303 ஆச்சுன்னா காயில்தான் திருடன். ஆகலைன்னா அதே மாதிரி பிளக், அப்புறம் இன்ஜெக்டர், கம்ப்ரஷன். இதையும் அவங்கதான் பண்ணணும். வாரண்டி வண்டில நீங்க கைய வெச்சா அப்புறம் அத வெச்சே பேசுவாங்க.

லைட் விட்டு விட்டு மின்னினா மட்டும் எதுக்கும் காத்திருக்காதீங்க. எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள்ள போய் அத சுட்டுத் தின்னுக்கிட்டிருக்குன்னு அர்த்தம். ஓரங்கட்டி நிறுத்துங்க.

மெக்கானிக்க மட்டும் திட்டியும் புண்ணியமில்ல. வாரண்டி வேலைக்குக் கம்பெனி குடுக்கிறது பெரும்பாலும் இத்தன மணி நேரம்னு கட்டிப்போட்ட கூலி. ரெண்டு மணி நேரம் உக்காந்து வயர் வயரா தேடினாலும் அந்த நேரத்துக்குக் காசு வர்றது கஷ்டம். கோட அழிக்க ரெண்டு நிமிஷம் போதும். சரி, அது அவங்களுக்கும் கம்பெனிக்கும் உள்ள தகராறு, அதுக்கு நம்ம வாரண்டி நாள் ஏன் கரையணும்?

அதனால வண்டிய விடறதுக்கு முன்னாடியே ஒரு புளூடூத் ஸ்கேனர ஸ்டீயரிங்குக்குக் கீழ இருக்கிற 16 பின் சாக்கெட்டுல மாட்டி கோடு, பென்டிங் கோடு, ஃப்ரீஸ் ஃபிரேம் மூணையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கங்க. அழிக்கிற பட்டன தொடாதீங்க. எரியுற லைட்டோட கிலோமீட்டரும் தெரியற மாதிரி ஒரு போட்டோ. கோடு பி0455ஆ (பெட்ரோல் ஆவி பெருசா கசியுது) இருந்தா மட்டும் பெட்ரோல் மூடிய கிளிக் சத்தம் வர்ற வரை திருகிட்டு சில நாள் பாருங்க, மானம் மிஞ்சும்.

ஜாப் கார்டுல "ஜெனரல் செக்கப்"னு எழுத விடவே விடாதீங்க. "செக் இன்ஜின் லைட் எரிகிறது, கோடு பி0171, அழிக்கும் முன் ஃப்ரீஸ் ஃபிரேம் பிரின்ட் தரவும்"னு எழுத வைங்க. திருப்பி எடுக்கும்போது என்ன டெஸ்ட் பண்ணாங்க, என்ன அளவு வந்துச்சுன்னு எழுத்துல வேணும். ஒண்ணும் கிடைக்கலைன்னாலும் அதையும் எழுதட்டும். வாரண்டி முடிஞ்சப்புறம் அதே கோடு வந்தா, வாரண்டிக்குள்ள இருக்கும்போதே புகார் குடுத்தோம்னு காட்ட அந்தக் காகிதம்தான் இருக்கும். "பெட்ரோல்ல கலப்படம், வாரண்டில வராது"ன்னு ஆரம்பிச்சா டேங்க்லருந்து சாம்பிள் எடுத்துக் காட்டச் சொல்லுங்க. வாயால சொல்றது டெஸ்ட் ரிப்போர்ட் ஆகாது.

இன்னொண்ணு. பல புது வண்டிகள்ல பெர்மனன்ட் கோடுன்னு ஒண்ணு உண்டு. ஸ்கேனர்ல அழிச்சாலும் போகாது, பேட்டரிய கழட்டினாலும் போகாது. கோளாறு போயிடுச்சுன்னு ஈசியூவே சோதிச்சுப் பாத்துத் தானா அழிச்சாத்தான் உண்டு. டெலிவரி எடுக்கிறப்ப அங்கயே ஸ்கேனர மாட்டி அதப் படிங்க. ஜாப் கார்டுல "நோ ப்ராப்ளம்"னு சீல் குத்தியிருக்கும், ஈசியூக்குள்ள பி0171 கால் மேல கால் போட்டு உக்காந்திருக்கும்.