நிற்கிற வண்டியும் தேயும்

டீசல் லோடு ஆட்டோவை விட்டுவிட்டு கரண்ட் வண்டிக்கு மாறி மூன்று வருடம் ஆகிறது. மதுரையில் இப்போது 12 வண்டி ஓடுகிறது. மாறியதிலிருந்து டிரைவர்களோடு எனக்கு ஒரே பஞ்சாயத்துதான். "போன வருஷம் 90 கிலோமீட்டர் போன வண்டி, இப்ப 75லயே படுத்துருது. எப்படிய்யா ஓட்டுற?"

பாவம், தப்பு அவர்களுடையது இல்லை. என் ஷெட்டுடையது.

ராத்திரி 8 மணிக்கு வண்டி வந்ததும் சூட்டோடு சூடாக பிளக்கைச் செருகிவிடுவோம். சனி ராத்திரி ஃபுல் ஆன வண்டி ஞாயிறு முழுக்க 100 சதவீதத்தோடு தகரக் கூரைக்குக் கீழே கத்திரி வெயிலில் வேகும். லித்தியம் பேட்டரிக்கு இது ரொம்பக் கெடுதல். சார்ஜும் நிறைந்து, சூடும் ஏறினால், வண்டி அசையாமல் நின்றாலும் செல்லுக்குள் வேதிவினை நடந்து லித்தியத்தைத் தின்றுகொண்டே இருக்கும். டீசல் இன்ஜின் ஓடினால்தான் தேயும் என்று பழகிய எனக்கு இது புரியவே இரண்டு வருடம் ஆனது. 2012-இல் அமெரிக்காவின் அரிசோனாவில் நிஸான் லீஃப் வைத்திருந்தவர்களும் ரேஞ்ச் குறைகிறது என்றுதான் புகார் சொன்னார்கள். பாலைவன வெயில், பேட்டரிக்கு லிக்விட் கூலிங் கிடையாது. நம் லோடு ஆட்டோக்கள் பலவற்றிலும் கிடையாது.

இப்போது வண்டி வந்ததும் ஆற விடுகிறோம். காலை 5 மணிக்குக் கிளம்ப வேண்டிய வண்டிக்கு நாலரைக்கு சார்ஜ் முடிகிற மாதிரி முறை வைத்துப் போடுகிறோம். 12 சார்ஜரும் ஒரே நேரத்தில் இழுத்து மெயின் விழுகிற தொல்லையும் அதோடு போனது. லீவு நாளில் பாதி சார்ஜ் போதும்.

"80க்கு மேல ஏத்தாதே" என்று எல்லோரும் சொல்வார்கள். என்எம்சி (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் சேர்ந்த லித்தியம்) பேட்டரிக்குச் சரி. எல்எஃப்பி (இரும்பு, பாஸ்பேட் சேர்ந்த லித்தியம்) பேட்டரியில் சார்ஜ் இறங்கினாலும் வோல்டேஜ் அவ்வளவாக மாறாது. பேட்டரியைக் கண்காணிக்கிற பிஎம்எஸ் என்ற எலக்ட்ரானிக் சர்க்யூட் சதவீதத்தைக் கிட்டத்தட்ட ஊகித்துத்தான் காட்டுகிறது. வாரம் ஒருமுறை ஃபுல் பண்ணினால்தான் கணக்கு நேராகும், செல்களும் சமமாகும். ஃபுல் ஆனதும் ஓட்டிவிட வேண்டும், அவ்வளவுதான்.

என் கோபமெல்லாம் வேறு இடத்தில். செல் வோல்டேஜ், சூடு எல்லாம் பிஎம்எஸ்-க்குத் தெரியும். எனக்கு ஆப்பில் காட்டுவது சார்ஜ் எத்தனை சதவீதம் என்பது மட்டும்தான். கேட்டால் "சர்வீஸுக்குக் கொண்டு வாங்க சார்" என்கிறார்கள் கம்பெனிக்காரர்கள். வாரன்டியில் பேட்டரியின் கொள்ளளவு இத்தனை சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மாற்றித் தருவோம் என்று எழுதியிருக்கிறது. அளப்பதும் அவர்களேதான்! காசு கொடுத்து வாங்கியவனுக்கு அந்த டேட்டாவைக் காட்டுவதில் என்ன கஷ்டம்?

அதனால் ஒரு சப் மீட்டர் மாட்டினேன். 10 சதவீதத்திலிருந்து 100 வரை ஏற எத்தனை யூனிட் ஆகிறது என்று மாதம் ஒருமுறை நோட்டில் எழுதுகிறோம். ஏழாம் நம்பர் வண்டி புதிதில் 9 யூனிட் குடித்தது, இப்போது ஏழரை. தூரமான மேலூர் டிரிப்பிலிருந்து அதை எடுத்துவிட்டு ஊருக்குள்ளேயே மாட்டுத்தாவணிக்கும் கீழமாசி வீதிக்கும் மட்டும் அனுப்புகிறேன்.

அப்புறம், அந்த வண்டி டிரைவரிடம் மன்னிப்பும் கேட்டாயிற்று. சிரித்துவிட்டு டீ சொன்னார். காசு என்னுடையதுதான்.