விகடகவி மாதிரி ஒரு பங்க் பேண்ட்

சின்ன வயசுல அப்பா விகடகவிங்கற வார்த்தைய எழுதிக் காட்டி திருப்பிப் படி பாப்போம்னு சொன்னப்போ, அன்னிக்கு பூரா ரஃப் நோட்டுல அதையே எழுதி எழுதிப் பாத்துட்டு இருந்தேன். இங்கிலீஷ்ல எழுதினா அதே மாதிரி ரெண்டு பக்கத்துலேருந்தும் ஒண்ணா வர்ற பேரு டாக்கோகேட் (TACOCAT, தமிழ்ல எழுதினா வராது, ட்ரை பண்ணாதீங்க). அமெரிக்காவுல சியாட்டில்ல 2007ல ஆரம்பிச்ச பங்க் பேண்ட், அதாவது வேகமா கரடுமுரடா வாசிக்கற ராக் கோஷ்டி. மூணு பொண்ணுங்க ஒரு பையன். எமிலி நோக்ஸ் பாடுவாங்க, ப்ரீ மெக்கென்னா பேஸ், லீலா மாபின் ட்ரம்ஸ், பாவம் அந்த ஒத்த ஆம்பள எரிக் ராண்டால் கிட்டார். பேரு மட்டும் இல்லீங்க, இவங்க வேலையே விகடகவி வேலைதான். ராஜாவ கிண்டல் பண்றதும் சபையில உக்காந்துக்கிட்டேதான்.

நேத்து இவங்களப் பத்தி ஒரு ஃப்ரெண்ட்கிட்ட சண்டை, அதான் இவ்ளோ நீளமா டைப் பண்றேன். அவன் சொல்றான், "இதெல்லாம் பங்க்கே கிடையாது, பப்பிள்கம் மாதிரி இனிக்கற பாப், பங்க்னா கோவம் வேணும்". கோவம்னா என்ன, தொண்டை கிழிய கத்தினாத்தான் கோவமா?

'எஃப்.யூ. நம்பர் எய்ட்'னு ஒரு பாட்டு இருக்கு, 2014ல வந்த என்விஎம் ஆல்பத்துல. பேர்லயே சுருக்கமா ஒரு கெட்ட வார்த்தை, திட்டு யாருக்குன்னா எட்டாம் நம்பர் பஸ்ஸுக்கு. சியாட்டில் தெரிஞ்சவங்களுக்குப் புரியும். டென்னி வே வழியா கேப்பிடல் ஹில்ங்கற ஏரியாவுக்கு மேடு ஏறற பஸ் அது, அதே ரோட்டுலதான் ஹைவேக்குப் போற கார் எல்லாம் வரிசை கட்டி நிக்கும், பஸ் நடுவுல மாட்டிக்கும், ட்ரைவர் என்ன பண்ணுவார். ஊர்க்காரங்க அந்த ரூட்டுக்கு வச்ச பட்டப்பேரே 'எல் எய்ட்', சேத்து வேகமா சொல்லிப் பாருங்க, லேட்! காதல், புரட்சி எல்லாத்தையும் விட்டுட்டு சிட்டி பஸ்ஸுக்கு ஒரு பாட்டு எழுதி வச்சிருக்காங்க. ஆனா யோசிச்சா, பஸ் லேட்டானா யாருக்கு சம்பளம் கட்டாகும்? கார் இல்லாதவனுக்குத்தான். அதை லெக்சர் அடிக்காம டான்ஸ் ஆட வச்சே சொல்லிட்டாங்க.

அதே ஆல்பத்துல 'க்ரிம்ஸன் வேவ்'. பீரியட்ஸுக்கு இங்கிலீஷ்ல இருக்கற ஒரு இடக்கரடக்கல் அது, நேரா சொன்னா சிவப்பு அலை. நம்மூர்ல "வீட்டுக்கு தூரம்"னு சொல்ற மாதிரின்னு வச்சுக்கங்க, ஆனா நம்மளுது பொண்ண தள்ளி உக்கார வைக்கற வார்த்தை. அலைன்னு சொல்லிட்டீங்கல்ல, சரி அப்போ கடற்கரைக்கே போவோம்னு இவங்க அதை அப்படியே பீச் பார்ட்டி பாட்டா ஆக்கிட்டாங்க. பழைய கலிஃபோர்னியா சர்ஃப் மியூசிக் கிட்டார், மேல பொண்ணுங்க கோரஸ், வெயில் அடிக்குது, எல்லாரும் ஜாலி. வார்த்தையக் கவனிக்காம கேட்டா ஏதோ சம்மர் லீவு பாட்டுன்னு நினைப்பீங்க. அடுத்த ஆல்பத்துலயே (2016, லாஸ்ட் டைம்) 'எஃப்டிபி'ன்னு இன்னொண்ணு, அது பீரியட்ஸோட முதல் நாளுக்குன்னே தனியா. முதல் நாள் எப்படி இருக்கும்னு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்.

வேடிக்கை என்னன்னா இவங்க வந்த மாநிலமே வாஷிங்டன்தான். ரயட் கேர்ள்னு சொல்வாங்களே, பொண்ணுங்க உரிமைக்காக பங்க்ல கிளம்பின அலை, அது ஆரம்பிச்ச ஒலிம்பியா சியாட்டில்லேருந்து கார்ல ஒரு ஒன்றரை மணி நேரம் கூட இல்ல. பிகினி கில்ங்கற பேண்ட 1990ல அங்கதான் ஆரம்பிச்சாங்க, அவங்களும் மூணு பொண்ணு ஒரு பையன் கணக்குதான். அதுல பாடற கேத்லீன் ஹன்னா ஸ்டேஜ்லேருந்து பொண்ணுங்கள முன்னாடி வரச் சொல்லுவாங்க, ஏன்னா அது வரைக்கும் முன்வரிசைல ஆம்பளைங்க இடிச்சுத் தள்ளுவானுங்க, பொண்ணுங்க ஓரமா சுவத்துல ஒட்டிக்கிட்டு நிப்பாங்க. அவங்க கோவத்தோட இடம் பிடிச்சுக் குடுத்தாங்க. பிடிச்சுக் குடுத்த இடத்துல டாக்கோகேட் பாய் விரிச்சு உக்காந்து அரட்டை அடிக்கறாங்க. ரெண்டும் வேணும்னுதான் நான் சொல்றேன். அந்தப் பக்கம் பாத்தா நிர்வாணா பேண்ட், சப் பாப் ரெக்கார்ட் கம்பெனி, க்ரஞ்ச்ங்கற இருண்ட ராக்னு ஊரே ஒரு சோக முகத்தோட போஸ் குடுத்துட்டு இருந்த ஊரு. என்விஎம்ங்கற பேரே மெசேஜ்ல 'நெவர்மைண்ட்'டுக்குப் போடற சுருக்கம், அதுவோ நிர்வாணாவோட ஃபேமஸான ஆல்பம் பேரு. சியாட்டில்ல உக்காந்துக்கிட்டு ஒரு ஆல்பத்துக்கு அந்தப் பேர் வைக்கணும்னா எவ்ளோ கொழுப்பு இருக்கணும்!

'ஹே கேர்ள்' ரோட்ல போற பொண்ண கார்லேருந்து கூப்புடறவனப் பத்தி. 'மென் எக்ஸ்ப்ளெய்ன் திங்ஸ் டு மீ' பேர்லயே இருக்கு விஷயம். நான் வேலை பாத்த ஒரு ஆபீஸ்ல நான் எழுதின டெஸ்ட் கேஸையே எனக்கு இருபது நிமிஷம் விளக்கினார் ஒருத்தர், ஒயிட் போர்டுல அம்புக்குறி எல்லாம் போட்டு. அன்னிக்கு சாயங்காலம் அந்தப் பாட்ட எத்தன தடவ கேட்டேன்னு கணக்கே இல்ல. கோவமான பாட்டு கேட்டிருந்தா இன்னும் ரத்தக் கொதிப்புதான் ஏறியிருக்கும். இத கேட்டப்போ அந்த ஆள் ஒரு கார்ட்டூனா சின்னதாயிட்டார். மறுநாள் மீட்டிங்ல அவர் மார்க்கர எடுத்ததுமே எனக்கு சிரிப்பு வந்துருச்சு, அவருக்கு ஏன்னு புரியல, அது எனக்குப் போதும்.

இதுவரைக்கும் நான் பாதிக்கப்பட்டவ கணக்குல கைதட்டிட்டு இருந்தேன். 'ஐ ஹேட் த வீக்கெண்ட்' கேட்டப்போதான் வசமா மாட்டினேன். கேப்பிடல் ஹில்னா ரொம்ப வருஷமா சியாட்டிலோட எல்ஜிபிடி மக்களும் கலைஞர்களும் இருந்த ஏரியா. டெக் கம்பெனிங்க வளர வளர வாடகை ஏறிச்சு, வெள்ளி சனி ஆனா போதும், வாரம் பூரா கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்த கூட்டம் வந்து இறங்கி குடிச்சு கத்தி கலாட்டா பண்ணிட்டுப் போகும். அந்த ராத்திரில பார்லயும் ஹோட்டல்லயும் வேலை பாக்கறவங்க பக்கம் நின்னு பாடற பாட்டு அது. எல்லாரும் வீக்கெண்ட் வராதான்னு ஏங்குவாங்க, இவங்க ஐயோ வந்துருச்சேங்கறாங்க. நான் யாரு? அந்தக் கம்ப்யூட்டர் கூட்டம்! வெள்ளிக்கிழமை அங்க பைக் (Pike) ஸ்ட்ரீட்ல டீமோட வரிசைல நின்னு சத்தமா சிரிச்சுட்டு இருந்தவ நானு. ப்ரீ மெக்கென்னா இருக்கற இன்னொரு பேண்ட் சைல்ட்பர்த், அதுல 'டெக் ப்ரோ'ன்னே ஒரு பாட்டு, அலட்டிக்கற டெக் கம்பெனி பசங்களுக்கு வச்ச நக்கல் பேரு அது. ப்ரோ இல்லன்னு வேணா நான் தப்பிச்சுக்கலாம், டெக் இல்லன்னு எப்படி சொல்றது.

கத்தித் திட்டியிருந்தா நான் பாட்ட மாத்திட்டுப் போயிருப்பேன், நானும் விசாவுல தொங்கிட்டு இருக்கறவதான், எனக்கென்ன பங்குன்னு வாதாடியிருப்பேன். இவங்க கிச்சுகிச்சு மூட்டினதுல தலையாட்டிட்டே ரெண்டாவது சரணம் வரைக்கும் போனப்புறம்தான் அடி எனக்கும் சேத்துன்னு உறைச்சுது. அடுத்த வெள்ளிக்கிழமை ஐடி கார்டக் கழட்டி பைக்குள்ள போட்டுட்டுதான் போனேன், டிப்ஸும் கொஞ்சம் கூடவே வச்சேன்னு நினைக்கறேன். பெருசா திருந்திட்டேன்னு எல்லாம் சொல்ல மாட்டேன்.

குறையே இல்லையான்னா இருக்கு. நாலஞ்சு பாட்டு தொடர்ந்து கேட்டா எல்லாம் ஒரே மெட்டு மாதிரி தோணும், எனக்கே தோணியிருக்கு. 2019ல சப் பாப்ல வந்த திஸ் மெஸ் இஸ் எ ப்ளேஸ் கொஞ்சம் பாலிஷ் ஜாஸ்தி, ட்ரம்ப் ஜெயிச்சப்புறம் வந்த ஆல்பம், அதுல ஜோக்கு நடுவுல ஒரு களைப்பு தெரியுது. சிலருக்கு அதுதான் பெஸ்ட். எனக்கு என்விஎம்தான்.

அப்புறம் ஒண்ணு, இவங்கள உங்க வீட்டுக் குழந்தைங்க உங்களுக்கு முன்னாடியே கேட்டிருக்கலாம். 2016ல பவர்பஃப் கேர்ள்ஸ் கார்ட்டூன் திரும்ப வந்தப்போ டைட்டில் பாட்டு இவங்கதான் பண்ணாங்க. எங்க அக்கா பொண்ணு அப்போ சோபா மேல ஏறி குதிச்சுக்கிட்டே அதைப் பாடுவா. இப்போ பெரிய பொண்ணாயிட்டா, போன வாரம் அவளுக்கு இவங்க பாட்டு பத்து பதினஞ்சு அனுப்பி வச்சேன். நேத்து அக்கா போன் பண்ணி, "ஏண்டி, க்ரிம்ஸன் வேவ்னா என்னம்மான்னு அவங்க அப்பா முன்னாடி கேக்கறா, நான் சித்திகிட்டயே கேட்டுக்கோன்னு சொல்லிட்டேன்"ங்கறா.