அடிபடுகிறவனும் யாரோ தேடும் பிள்ளைதான்

டெனி வில்நெவ் இயக்கத்தில் 2013இல் வெளிவந்த ‘ப்ரிசனர்ஸ்’ படத்தை முதன்முறை பார்த்தபோது எனக்குத் திருமணம் ஆகியிருக்கவில்லை. அறை நண்பர்கள் நால்வரோடு உட்கார்ந்து பார்த்தேன். மகளைக் கடத்தியவன் என்று தான் நம்பும் இளைஞனைத் தந்தை அடைத்துவைத்து அடிக்கும் காட்சியில், “அப்பான்னா இப்படித்தான் இருக்கணும்” என்றான் ஒருவன். நானும் ஆமோதித்துத் தலையாட்டினேன். சென்ற வாரம், பக்கத்து அறையில் ஐந்து வயது மகள் தூங்கிக்கொண்டிருக்க, மனைவியோடு அதே படத்தை மறுபடி பார்த்தேன். அன்று தலையாட்டியது தவறு என்று சொல்லவே இதை எழுதுகிறேன். முடிவைத் தொடாமல் இதைப் பேச முடியாது. படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

கதை பென்சில்வேனியாவின் ஒரு சிற்றூரில் நடக்கிறது. நன்றி நவிலும் நாள் விருந்துக்குக் கூடிய இரண்டு குடும்பங்களின் சிறுமிகளான ஆனாவும் ஜாயும், காணாமற்போன சிவப்பு விசில் ஒன்றைத் தேடி வெளியே போனவர்கள் திரும்பவில்லை. அருகில் நின்றிருந்த பழைய வண்டியொன்றை வைத்து அலெக்ஸ் ஜோன்ஸ் என்பவனைக் காவல்துறை பிடிக்கிறது. அவனுக்குப் பத்து வயதுப் பிள்ளையின் அறிவுதான் என்கிறார் துப்பறியும் அதிகாரி லோகி. ஆதாரம் கிடைக்காததால் அவனை விட்டுவிடுகிறார்கள். ஆனாவின் தந்தை கெல்லர் டோவரால் அதைத் தாங்க முடியவில்லை. இறந்துபோன தன் தகப்பனாரின் பாழடைந்த கட்டடத்துக்கு அலெக்ஸைக் கடத்திச் செல்கிறார்.

கெல்லர் தச்சர். குளியலறையைப் பலகையடித்து மூடி, சிறு துளை மட்டும் விட்டு, உள்ளே நிற்கும் உயிரின் மேல் கொதிநீரைப் பாய்ச்ச வழிசெய்வது வீடு கட்டிப் பழகிய அதே கைகள்தான். அந்தத் துளையின் வழியே தெரியும் முகம், கண்கள் திறக்க முடியாத அளவுக்கு வீங்கியிருக்கிறது. முதன்முறை பார்த்தபோது, அந்த முகத்தில் உண்மை வெளிவருகிறதா என்று மட்டுமே நாங்கள் தேடினோம். இந்த முறை என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

என்னை அதைவிடவும் உலுக்கியது ஜாயின் தாய் நான்சியின் முடிவு. நடப்பதை அறிந்து, அலெக்ஸையும் நேரில் பார்த்த பிறகு, நாம் கெல்லருக்கு உதவவும் வேண்டாம், தடுக்கவும் வேண்டாம் என்று அவள் கணவனிடம் சொல்கிறாள். நல்ல மனம் கொண்ட, அறிவுள்ள பெண் அவள். தன் மகள் கிடைக்கக்கூடும் என்ற நம்பிக்கைக்காக இன்னொருவன் மகனின் அலறலைக் கேளாததுபோல் இருக்க ஒப்புக்கொள்கிறாள். இருட்டறையில் உட்கார்ந்து, அடுத்த அடிக்குக் காத்திருந்த நாங்களும் அவளோடுதான் நின்றோம்.

நடுவே லோகி, 26 ஆண்டுகளுக்கு முன் மகனைப் பறிகொடுத்த ஒரு மூதாட்டியைச் சந்திக்கிறார். அவர் அந்தப் பிள்ளை இருக்கும் பழைய வீடியோ நாடாவைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். துப்பு எதுவும் கிடைக்காத ஒரு விசாரணையாக அக்காட்சி கடந்துவிடும். நானும் அன்று அப்படித்தான் கடந்தேன். அந்த மகன்தான் அலெக்ஸ். அவனை வளர்த்த அத்தை என்று ஊர் நம்பிய ஹாலிதான் அவனைச் சிறுவயதில் கடத்தியவள். காணாமற்போன மகளைத் தேடும் ஒரு தகப்பன், இன்னொரு தாயின் காணாமற்போன மகனைத்தான் அத்தனை நாளும் பலகைக்குப் பின்னால் வைத்து வதைத்திருக்கிறார்.

ஹாலியும் பிள்ளையை இழந்தவள்தான். மகனைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த பின், கடவுளோடு போர் தொடுப்பதாக எண்ணி, பிறர் குழந்தைகளைக் கவர்ந்து பெற்றோரைப் பேயாக்கினாள். அதைக் கெல்லரின் முகத்துக்கு நேரே சொல்கிறாள். “எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் மன்னிப்பதுபோல” என்ற வரி வந்ததும் ஜெபத்தைத் தொடர முடியாமல் திணறியவர்தானே அவர்! அவள் எய்த இடத்தில் அம்பு சரியாகத்தான் பாய்ந்திருக்கிறது.

கெல்லரின் வலி பொய்யென்று நான் சொல்லவில்லை. திருவிழாக் கூட்டத்தில் என் மகள் கால்மணி நேரம் கண்ணில் படாமல் போன அன்று, பலூன் விற்றுக்கொண்டிருந்த ஒரு முதியவரின் சட்டையை நான் கொத்தாகப் பிடித்திருக்கிறேன். குழந்தை என் அண்ணியின் இடுப்பில் இருந்தாள். அவரிடம் மன்னிப்புக் கேட்க நான் திரும்பி வந்தபோது அந்த இடத்தில் அவர் இல்லை.

கடைசியில் ஹாலி அடைத்துவைத்த குழிக்குள் கெல்லர் ஊதும் சிவப்பு விசிலைப் பற்றியே பலரும் பேசுகிறார்கள், லோகி அவரைக் காப்பாற்றினாரா என்று வாதாடுகிறார்கள். அலெக்ஸ் பெற்றோரிடம் சேர்ந்த செய்தியோ செய்தித்தாளில் சில நொடிகளே வந்துபோகிறது. 26 ஆண்டுகள் ஒரு சிறுவனின் முகத்தைத் திரையில் பார்த்திருந்த தாய், அன்று கையில் ஏந்தியது அந்த வீங்கிய முகத்தை.